நிலையிசையும் வருமிசையும்: ஓர் இசைத்தட்டுக் கலைஞரின் கலப்புப் பனுவல்

1. முன்னுரை

மொழிக்கலப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். கலப்பு, மொழியின் தூய்மையைக் கெடுக்கும் குறை என்பது ஒன்று. கலப்பு இருமொழிச் சூழலில் தவிர்க்கவியலாத இயல்பு. அதனை விளக்குவதே ஆய்வாளர் பணி, மதிப்பிடுவது அவர் பணியன்று என்பது மற்றொன்று. முன்னது எல்லாக் கலப்பையும் ஒன்றாக வைத்துப் பழிக்கிறது. பின்னது எல்லாக் கலப்பையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. குறிப்பிட்ட ஒரு கலப்பு நன்றாக அமைந்ததா, தீதாக அமைந்ததா என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. ஆனால் கதையாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா அதுவே.

இவ்வினாவைக் கலப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு கலைஞரின் வாழ்வையும் பணியையும் முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். டிஸ்க் ஜாக்கி எனவும் சுருக்கமாக டி.ஜே. எனவும் அழைக்கப்பெறும் இசைத்தட்டுக் கலைஞர், மேடையில் பாடுவதில்லை. இசைக்கருவி எதனையும் மீட்டுவதுமில்லை. பிறர் பாடிப் பதிவுசெய்த இசைத்தட்டுகளை இரண்டு சுழல்தட்டுகளில் மாற்றிமாற்றி ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கேட்போரைக் கொண்டுசெல்கிறார். அவருக்கென்று உரிய ஒலி ஏறத்தாழ ஒன்றுமில்லை. அவருக்கு உரியது சந்திப்பு மட்டுமே. எனவே கலப்பின் திறத்தைக் கலக்கப்படும் பொருள்களின் சிறப்பிலிருந்து பிரித்தறிய, அவர் பணி வேறெதனினும் தெளிவான சான்றாகிறது.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்பெறுபவர் நியூயார்க் நகரின் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். ஆய்வுக்குரிய பனுவல், 1981இல் ஷுகர் ஹில் நிறுவனம் வெளியிட்ட 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் த வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்னும், ஏறத்தாழ ஏழு நிமிட நீளமுடைய இசைத்தட்டு. இதனை விளக்குவதற்குத் தமிழ் இலக்கண மரபின் புணர்ச்சிக் கோட்பாடு கருவியாகக் கொள்ளப்பெறுகிறது. நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது நிகழ்வனவற்றை வகைப்படுத்த நம் மரபு வகுத்த சொற்கள், இசைத்தட்டுகள் கூடும் இடத்தை விளக்கவும் பெரிதும் பொருந்துகின்றன. அதனால் முன்னர் ஓடும் தட்டின் இசையை நிலையிசை எனவும், அதனைத் தொடர்ந்து வருவதனை வருமிசை எனவும் இக்கட்டுரை வழங்குகிறது.

2. தட்டைத் தொட்ட விரல்

கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் இயற்பெயர் ஜோசப் சாட்லர். 1958 சனவரி முதல் நாள் பார்படோசு நாட்டின் பிரிட்ஜ்டவுன் நகரில் பிறந்தவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அவர் தந்தை இசைத்தட்டுகளைச் சேர்த்துவைக்கும் பழக்கமுடையவர். அவற்றைப் பிள்ளைகள் தொடலாகாது என்பது வீட்டில் இருந்த கட்டளை. அதனை மீறியதற்காகத் தாம் பட்ட அடிகளைச் சாட்லர் 2008இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். வீட்டிலிருந்த மின்சாதனங்களைப் பிரித்துப் பார்க்கும் ஆர்வமும் அவருக்குச் சிறுவயதிலேயே இருந்தது. அவ்வார்வமே அவரைத் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் பயிலச் செய்தது. தொடக்கூடாத பொருளின் மீது கொண்ட ஆசை, பிரித்துப் பார்க்கும் கை ஆகிய இரண்டும் பின்னர் ஒரே தொழிலில் வந்து கூடின.

அக்காலத்துப் பிராங்க்ஸில் இத்தொழிலுக்கு வழிவகுத்தவர் ஜமைக்காவில் பிறந்து 1967இல் அங்குக் குடியேறிய கூல் ஹெர்க். 1973 ஆகஸ்டு 11ஆம் நாள் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நிகழ்ந்த விருந்தில் அவர் இசைத்தட்டு ஓட்டியதனை ஹிப்ஹாப் பண்பாட்டின் தொடக்கமாகக் குறிப்பது வழக்கம். பாடலின் நடுவே பாட்டும் பிற கருவிகளும் ஓய்ந்து தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் சிறுபகுதி ஒன்று உண்டு. அதற்குப் பிரேக் என்று பெயர். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தை மிகச் சுருக்கினாற்போன்றது அது. ஆடவந்தோர் காத்திருப்பது அப்பகுதிக்கே எனக் கண்ட ஹெர்க், அதனைத் தொடர்ச்சியாக நீட்டிக்கும் வழியைக் கையாண்டார். ஒரு பிரேக் முடியும்போது மற்றொரு தட்டின் முள்ளை அதன் பிரேக் தொடங்கும் இடத்தில் வைத்துவிடுவதே அவ்வழி.

ஹெர்க் கண்டுபிடித்தது எதனைக் கூட்டுவது என்பது. எங்கே கூட்டுவது என்பதில் அவர் அத்துணைக் கவனம் செலுத்தவில்லை. கண்ணளவால் முள்ளை வைத்ததனால் தாளம் தட்டுத்தடுமாறியே கூடியது. இதனைக் கூட்டத்தில் நின்று கேட்ட இளைஞரான ஃபிளாஷுக்கு அத்தடுமாற்றம் ஒரு பிழையாகப் பட்டது. அவருடைய பணி முழுவதும் இப்பிழையைத் திருத்தும் முயற்சியிலிருந்து பிறந்தது எனலாம்.

அம்முயற்சியின் கணக்கு எளிது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று மேலாகச் சுழலும் நீண்ட இசைத்தட்டு ஒருமுறை சுற்ற 1.8 வினாடி ஆகிறது. நிமிடத்திற்கு 110 எண்ணிக்கை செல்லும் பாடலில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளவட்டம் ஏறத்தாழ 2.2 வினாடி. எனவே ஒரு தாளவட்டம் என்பது தட்டில் ஏறக்குறைய ஒன்றேகால் சுற்று. தட்டின் மீது அடையாளமிட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல அவ்வடையாளத்தைப் பார்த்துக்கொண்டு, வேண்டிய சுற்றுகளைக் கையால் பின்னோக்கித் திருப்பினால், முள்ளை எடுக்காமலே அப்பகுதியின் தொடக்கத்தை அடையலாம். ஒரே பாடலின் இரண்டு படிகள் இருப்பின், ஒன்று ஒலிக்கும்போதே மற்றொன்றைத் திருப்பிவைத்துப் பத்து வினாடிப் பகுதியைப் பத்து நிமிடத்திற்கு நீட்டிக்கலாம். ஃபிளாஷ் இதனைக் கடிகாரக் கோட்பாடு எனப் பெயரிட்டு வழங்கினார்.

இதற்குத் தட்டை விரலால் தொட்டாகவேண்டும். இசைத்தட்டின் ஓரத்தைப் பிடித்தே எடுக்கவேண்டும் என்பது அக்காலத்து ஒழுக்கம். வரித்தடத்தின் மீது விரல் வைப்பது அறியாமை அல்லது அழிவேலை எனக் கருதப்பட்டது. தந்தையின் கட்டளையும் தொழிலின் ஒழுக்கமும் ஒன்றாகவே இருந்தன. ஃபிளாஷ் இரண்டையும் மீறினார். தட்டு எளிதில் வழுக்கித் திரும்புவதற்காக அடியில் விறைப்பேற்றிய கம்பளித்துணி வட்டம் ஒன்றை வைத்தார். அடுத்த தட்டைக் கூட்டத்தார் கேட்குமுன் தாம் மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொள்ள உதவும் விசையைத் தாமே அமைத்துக்கொண்டார். வருமிசையை முன்னரே அறிந்திருந்தாலன்றி நிலையிசையை எங்கே நிறுத்துவது எனத் துணிய இயலாது. சொல்லத் தொடங்கிய வாக்கியத்தின் பயனிலையை உள்ளத்தில் வைத்துக்கொண்டே பேசும் மொழியாளரின் திறத்தோடு இதனை ஒப்பிடலாம்.

3. மூலமும் உரையும்

இத்துணை உழைப்பில் உருவான முறையை எழுபதுகளின் நடுப்பகுதியில் முதன்முதலாகக் கூட்டத்தின் முன் நிகழ்த்தியபோது எவரும் ஆடவில்லை என ஃபிளாஷ் பலமுறை கூறியுள்ளார். வந்தவர்கள் அசையாமல் நின்று அவரை வெறித்துப் பார்த்தனர். அவர் வீடு திரும்பி அழுதார். கலப்பு பிழையின்றி அமைந்தும் கேட்போரைச் சென்றடையவில்லை.

அதற்கு அவர் கண்ட தீர்வு, ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தோடு பேசும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவது. அவ்வாறு வந்தவர்களே பின்னர் ஃப்யூரியஸ் ஃபைவ் என்னும் ஐவர் குழுவாயினர். நம் மரபில் மூலத்திற்கு உரை எவ்வாறோ அவ்வாறே இவர்களின் பேச்சு தொடங்கியது. எப்போது கைதட்டுவது, எதனைக் கவனிப்பது, மேசைக்குப் பின்னால் நிற்பவர் செய்வது யாது என்பவற்றை அவர்கள் எடுத்துரைத்தனர்.

உரை நாளடைவில் மூலத்தை மறைத்தல் உண்டு. 1979இல் ஷுகர்ஹில் கேங் குழுவின் 'ராப்பர்ஸ் டிலைட்' பெருவெற்றி பெற்றது. அதில் இசைத்தட்டுக் கலைஞரே இல்லை. 'ஷீக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலின் தாள நடையை நிலையக் கலைஞர்கள் மீண்டும் வாசிக்க, அதன்மேல் சொல்லடுக்குகள் மட்டும் ஓடின. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' இன்னும் தெளிவான சான்று. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ் என்னும் பெயரில் வெளியாகி, 2002இல் அமெரிக்க நாட்டுப் பதிவேட்டின் முதல் தொகுதியில் இடம்பெற்ற அப்பாடலின் ஆக்கத்தில் ஃபிளாஷின் கைக்கு ஏறத்தாழ இடமே இல்லை. அது மெல்லி மெல், எட் ஃப்ளெச்சர் ஆகியோரின் ஆக்கம். அவருக்குப் பெரும்புகழ் தந்த இசைத்தட்டில் அவர் பெயர் இருக்கிறது. அவர் தொழில் இல்லை.

1981இன் இசைத்தட்டை இவ்வரலாற்றின் நடுவே வைத்துப் பார்க்கவேண்டும். 1979க்கும் 1982க்கும் இடையில், உரையாசிரியர்கள் முன்னே வந்துவிட்ட காலத்தில், உரையைப் பெரிதும் விலக்கி மூலத்தை மட்டும் கேட்கச்செய்த முயற்சி அது. மூன்று சுழல்தட்டுகளைக் கொண்டு, வெட்டி ஒட்டும் திருத்தமின்றி, நேரடியாகக் கையாலேயே செய்து பதிவானது. பிழை நேர்ந்தால் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யவேண்டும். முதன்முறை கூட்டம் அசையாமல் நின்ற அதே கலையை, இப்போது விளக்குவார் எவருமின்றி, முகமறியாக் கேட்போரிடம் அவர் ஒப்படைத்தார்.

4. பனுவலின் புணர்ச்சி

இப்பனுவலில் கூடும் இசைத்தட்டுகளுள் முதன்மையானவை: ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' (1979), குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' (1980), பிளாண்டி குழுவின் 'ராப்ச்சர்' (1981), இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டின் 'அபாச்சி' (1973), ஷுகர்ஹில் கேங்கின் 'எய்த் ஒண்டர்' (1980), ஃப்யூரியஸ் ஃபைவின் 'தி பர்த்டே பார்ட்டி' (1981). இவற்றோடு ஹெல்லர்ஸ் குழுவினரின் பேச்சுப் பதிவு ஒன்றும் இடம்பெறுகிறது. டிஸ்கோ, ராக், நியூ வேவ், கருவியிசை, ராப் என வெவ்வேறு வகைகளைச் சார்ந்தவை இவை. கடைகளில் வெவ்வேறு அடுக்குகளில் வைக்கப்பெற்றவை. கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் எனப் பிரிந்துகிடந்த வானொலி நிலையங்களில் பெரும்பாலும் ஒன்றையொன்று சந்திக்காதவை.

இவை கூடும் முறைகளை இயல்பு, விகாரம் என இரண்டாகப் பகுக்கலாம். 'குட் டைம்ஸ்', 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஆகிய இரண்டும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 110 எண்ணிக்கையில் செல்வன. ஒன்றின் தாளவட்டம் முடியும் இடத்தில் மற்றொன்றை எடுத்தால் பெரிய மாற்றம் வேண்டாமலே கூடுகிறது. இது இயல்பு புணர்ச்சி. பிறவிடங்களில் மூவகை விகாரங்களையும் காணலாம். சுழற்சி வேகத்தைச் சற்று மாற்றினால் தட்டின் கதியோடு சுருதியும் மாறும், இது திரிதல். ஒலியளவு நெம்பை இழுத்து நிலையிசையின் ஈற்றெண்ணிக்கையை மறைப்பது கெடுதல்.

தோன்றல் தனியே நோக்கத்தக்கது. தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுக்கும்போது எழும் உராய்வொலிக்கு ஸ்கிராட்ச் என்று பெயர். ஃபிளாஷின் வட்டத்தில் பயின்ற கிராண்ட் விசர்ட் தியோடர் என்னும் சிறுவர் இதனைக் கண்டவர். தாய் அறைக்குள் வந்து கண்டித்தபோது ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கையால் பிடித்து நிறுத்த, அப்போது கேட்ட ஒலியே கலையாயிற்று என்பது அவர் கூற்று. இவ்வொலி நிலையிசையில் இல்லை. வருமிசையிலும் பாடகரோ கருவியாளரோ இதனை ஒலிக்கவில்லை. இரண்டும் கூடும் தேவையினால் நடுவே தோன்றுகிறது. 'மணி' என்பதும் 'அடித்தது' என்பதும் கூடும்போது இரண்டிலும் இல்லாத யகரம் தோன்றி 'மணியடித்தது' ஆகிறது. உராய்வொலி இத்தகைய உடம்படுமெய் எனலாம். பனுவல் முழுவதிலும் ஃபிளாஷுக்கே உரிய ஒலி இது ஒன்றுதான். அது சந்தியில் மட்டுமே வாழ்கிறது.

புணர்ச்சி செம்மையாக அமைவது தொழில்திறம். இனி அதனால் விளையும் பொருள் யாது என்பதைக் காணவேண்டும். மூன்று சந்திகள் எடுத்துக்காட்டத் தக்கன.

முதலாவது, மேற்கூறிய ஷீக், குவீன் சந்தி. குவீன் குழுவின் ஜான் டீக்கன் எழுதிய அப்பாடலின் பேஸ் கிட்டார் நடை 'குட் டைம்ஸ்' நடைக்குக் கடன்பட்டது என்பது இசை வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஃபிளாஷ் இதனைப் பற்றி எதுவும் கூறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். ஒப்பியல் மொழியியலார் இரு மொழிகளின் சொற்பட்டியல்களை அருகருகே நிறுத்தும்போது உறவு தானே வெளிப்படுவதுபோல, இங்கும் இனவுறவு செவிக்குப் புலனாகிறது. ஷுகர்ஹில் கேங்கை அவர் சேர்த்ததும் இப்பட்டியலை நிறைவுசெய்கிறது. அக்குழுவின் முதல் வெற்றியும் 'குட் டைம்ஸ்' நடையின் மீதே எழுந்தது. அந்நடையின் ஆசிரியர்களான பெர்னார்ட் எட்வர்ட்ஸ், நைல் ராட்ஜர்ஸ் இருவரும் உரிமை கோரிய பின்னரே அவர்கள் பெயர் அதில் இடம்பெற்றது.

இரண்டாவது, 'ராப்ச்சர்'. வெள்ளையர் குழுவான பிளாண்டியின் பாடகி டெபி ஹாரி அப்பாடலில் ஃபிளாஷின் வேகத்தைப் பெயர்சொல்லிப் புகழ்கிறார். அப்பாடல் 1981இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஃபிளாஷ் தம்மைப் புகழும் அவ்விடத்தையே எடுத்துத் தம் பனுவலில் வைக்கிறார். பாட்டுடைத் தலைவரே பாட்டைத் தொகுப்பவராகிறார். புகழ்ந்தவர் குரல் புகழப்பட்டவர் கையில் ஒரு கருவியாகிறது. யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டனர் என்னும் வினாவுக்கு இச்சந்தி அளிக்கும் விடை, நீண்ட விவாதத்தினும் கூர்மையானது.

மூன்றாவது, 'அபாச்சி'. ஆங்கிலேயரான ஜெரி லார்டன் இயற்றி, 1960இல் ஷேடோஸ் குழுவால் இங்கிலாந்தில் புகழடைந்த மெட்டு இது. அமெரிக்கத் தொல்குடியின் பெயரைத் தாங்கியது. 1973இல் நிலையக் கலைஞர்கள் சேர்ந்து வாசித்த பதிவு, அதன் தாளப் பகுதிக்காக ஹெர்க் கையில் பிராங்க்ஸுக்கு வந்தது. இதன் 'மூல ஊர்' எது என்று வினவினால் விடை கிடையாது. கலப்பற்ற பொருள்களை ஃபிளாஷ் கலந்தார் என்று எண்ணுவது பிழை. கலக்க வந்த ஒவ்வொன்றும் முன்னரே கலந்தது.

பனுவலில் குறையும் உண்டு. ஒரே சொல்லைத் திரும்பத்திரும்ப வெட்டி ஒலிப்பிக்கும் சில இடங்களில் கையின் விரைவைக் காட்டுவதைத் தவிர வேறு பயன் தெரியவில்லை. அங்கே சந்தி இருக்கிறது. கூடும் இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க உறவு இல்லை. சொல்லணியில் மடக்கு மிகும்போது நேரும் குறை இதுவே. குறையை இவ்வாறு சுட்ட முடிவதே கலப்பை மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு என்பதற்குச் சான்று.

5. கலப்பின் இலக்கணம்

இவ்விசைத்தட்டு வெளியாவதற்கு ஓராண்டு முன்னர், அதே நகரைக் களமாகக் கொண்ட மொழியியல் ஆய்வொன்று வெளிவந்தது. ஷானா பாப்லேக் 1980இல் வெளியிட்ட அக்கட்டுரை, கிழக்கு ஹார்லமில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ வழியினர் இருபதின்மரின் பேச்சில் கண்ட 1,835 மொழிமாற்றங்களை ஆராய்ந்தது. பிராங்க்ஸுக்கும் கிழக்கு ஹார்லமுக்கும் இடையே ஓர் ஆறுதான் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் எனக் கொள்ள இடமில்லை. எனினும் இருவர் முடிபுகளும் ஒரே வடிவினவாய் அமைந்தன.

பாப்லேக் கூறிய சமநிலைக் கட்டுப்பாட்டின்படி, இரு மொழிகளின் சொல்வரிசையும் பொருந்திச் செல்லும் இடத்திலேயே மொழி மாறுகிறது; மாற்றத்தின் இருபுறமும் எம்மொழி இலக்கணமும் மீறப்படுவதில்லை. தாளவட்டம் பொருந்தும் இடத்திலேயே தட்டு மாறவேண்டும் என்னும் ஃபிளாஷின் விதி இதனை ஒத்தது. வாக்கியத்தின் உள்ளே மொழி மாற்றுவோர் இரண்டிலும் தேர்ந்தவர்கள். தேர்ச்சி குறைந்தவர்கள் வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டும் சிறுதொடர்களோடு நின்றுவிடுகின்றனர் என்பது அவருடைய மற்றொரு முடிபு. நெருங்கிய கலப்பு தேர்ச்சிக் குறைவைக் காட்டும் என்னும் பொதுக்கருத்து இதனால் தலைகீழாயிற்று. பாடல் முழுதும் முடிந்தபின் அடுத்ததனை வைப்பது எவர்க்கும் எளிது. எண்ணிக்கையின் நடுவே மாற்றுவதற்கு இரண்டையும் முழுதாக அறிந்திருக்கவேண்டும்.

சொல்வரிசை பொருந்தாத மொழிகள் கூடும்போது இவ்விதி என்னாகும்? தமிழையும் ஆங்கிலத்தையும் முன்வைத்து இவ்வினா ஆராயப்பெற்றது. டேவிட் சான்காஃப், பாப்லேக், சுவாதி வன்னியராஜன் மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, தமிழ்ப் பேச்சில் வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றுத் தமிழ்ச் சொற்களைப் போலவே நடப்பதால், அவற்றைத் தற்காலிகக் கடன்சொற்களாகக் கொள்ளவேண்டும் என வாதிட்டது. 'ஆபீசுக்கு', 'டிரெயின்லே' என்பன ஆங்கிலத்திற்கு மாறிய இடங்கள் அல்ல. தமிழ் நடந்துகொண்டே இருக்கும் இடங்கள்.

கடனுக்கும் மாற்றத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு நம் பனுவலிலும் உண்டு. ஒற்றைக் கூவலையோ ஒரு கொம்பொலியையோ எடுத்துத் தாளக் கருவிபோல் அடிக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கும் பாடலின் இலக்கணத்திற்கு அடங்குகிறது, அது கடன். 'ராப்ச்சர்' தன் குரலோடும் கருவிகளோடும் முழுமையாக வரும்போது அது மாற்றம். 'குட் டைம்ஸ்' நடை மீண்டும்மீண்டும் வந்து ஏனையவற்றைத் தாங்குவதை நோக்கின், அதனைக் கலப்பின் அடிப்படை மொழி எனலாம். கரோல் மயர்ஸ்-ஸ்காட்டன் 1993இல் விரித்துரைத்த, ஒரு மொழி சட்டகமாக நிற்க மற்றது அதனுள் பொருத்தப்படும் என்னும் கோட்பாட்டோடு இது ஒத்துச்செல்கிறது.

6. தையல் தெரிதலும் மறைதலும்

கலப்பில் இருவேறு அழகியல்கள் உள்ளன. ஃபிளாஷுக்குச் சில ஆண்டுகள் முன்னர், நியூயார்க்கின் சாங்சுவரி என்னும் நடனக்கூடத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் கிராஸோ, இரண்டு தட்டுகளின் கதியை ஒன்றாக்கி ஒன்றன்மேல் ஒன்று நெடுநேரம் ஓடச்செய்தார். சிகாகோ குழுவின் 'ஐ ஆம் எ மேன்' தாளத்தின் மேல் லெட் செப்பெலினின் 'ஹோல் லாட்டா லவ்' மிதந்த அவருடைய கலப்பு புகழ்பெற்றது. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது எனத் தெரியாமையே அதன் நோக்கம். ஃபிளாஷின் முறை இதற்கு மாறானது. அவர் தட்டை வெட்டி மாற்றுகிறார். வெட்டிய இடத்தில் உராய்வொலியை எழுப்பி, வெட்டினேன் என அறிவிக்கிறார்.

நம் மரபிலும் இவ்வழக்கு பழையது. மணிப்பிரவாளத்திற்கு இலக்கணம் வகுத்த 14ஆம் நூற்றாண்டு நூலான லீலாதிலகம், அப்பெயரில் உள்ள மணியை மாணிக்கமாகக் கொள்கிறது. மாணிக்கமும் பவளமும் நிறத்தால் ஒன்றாதலின், கோக்கும்போது வேறுபாடு தோன்றாது. நாட்டுமொழியும் வடமொழியும் அவ்வாறு இயையவேண்டும் என்பது கருத்து. மணியை முத்தெனக் கொண்டால் வெண்மையும் செம்மையும் மாறிமாறித் தெரியும். கிராஸோவின் கோவை மாணிக்கமும் பவளமும். ஃபிளாஷின் கோவை முத்தும் பவளமும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது வெறும் உவமையன்று. லாரன்ஸ் வெனூட்டி 1995இல், மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்குத் தெரியாதிருப்பதே சிறப்பு என்னும் ஆங்கில உலகின் நம்பிக்கையைக் கடுமையாக விமரிசித்தார். அவ்விமரிசனம் ஒருமொழிப் பனுவலை மனத்திற்கொண்டு எழுந்தது. மூலமே கலப்புப் பனுவலாயின் இடர் பன்மடங்காகிறது. கீழ்வரும் பேச்சினை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் வீட்டை விட்டுச் செல்லும் மகனிடம் கூறுகிறார்:

'போறதுன்னா போப்பா. ஐ வோண்ட் ஸ்டாப் யூ. அம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு.'

முதல் தொடரில் 'அப்பா' என்னும் அன்பு விளி ஒட்டியிருக்கிறது. நடுத்தொடரில் தந்தை முப்பதாண்டு அலுவலகத்தில் பழகிய மொழிக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். மூன்றாவதில் மீண்டும் வீட்டுக்குள் வருகிறார். ஆனால் தம்மால் இயலாததை மகனிடம் ஒப்படைக்கிறார். அவருடைய துயரம் எச்சொல்லிலும் இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று திரும்பும் இரண்டு சந்திகளில் இருக்கிறது.

இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மூன்று தொடரும் ஆங்கிலமாகிவிடும். சந்தி மறைந்து, தந்தை வெறுமனே இசைவு அளித்தவராவார். நடுத்தொடரைச் சாய்வெழுத்தில் அச்சிடுவது மாற்றம் நிகழ்ந்ததென்று அறிவிக்குமேயன்றி அதனை உணர்த்தாது. 'என்று ஆங்கிலத்தில் கூறினார்' எனச் சேர்ப்பது உரையாகும். ஃபிளாஷின் பக்கத்தில் நின்று விளக்கியவரின் வேலை அது. முதல், மூன்றாம் தொடர்களை வீட்டுப் பேச்சின் நெகிழ்ந்த ஆங்கிலத்திலும், நடுத்தொடரைக் கோப்பில் எழுதும் விறைத்த ஆங்கிலத்திலும் அமைப்பதே ஏற்ற வழி. மூலத்தில் இரு மொழிகளுக்கிடையே இருந்த சந்தி, பெயர்ப்பில் ஒரே மொழியின் இரு நடைகளுக்கிடையே அமையும். அதற்காக நடுத்தொடரின் எளிய சொற்களைச் சற்று மாற்றநேரினும் இழப்பில்லை. சொற்களைக் காத்துச் சந்தியை விடுவதினும், சந்தியைக் காத்துச் சொற்களைத் திரிப்பது மேல். இந்தியிலோ கன்னடத்திலோ பெயர்ப்பவர்க்கு இவ்விடர் குறைவு. அங்கும் ஆங்கிலம் ஏறத்தாழ இதே அலுவலக இடத்தில் இருப்பதால் நடுத்தொடரை அப்படியே விட்டுவிடலாம். அது இயல்பு புணர்ச்சி.

7. ஒப்புமையின் எல்லையும் முடிவும்

இசைத்தட்டுக் கலைஞரை மொழிபெயர்ப்பாளர் என்றே அழைப்பது மிகையாகும். அவர் எடுத்த ஒலியை அவ்வொலியாகவே தருகிறார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைக்கூட அவ்வாறு தர இயலாது. தாளப் பொருத்தம் வாக்கிய அமைப்பைப் போன்று பல அடுக்குகள் கொண்டதுமன்று. எனவே அவரைக் கலப்புப் பனுவலின் ஆசிரியர் எனவும், மொழிபெயர்ப்பாளரை அத்தகைய பனுவலை வேறு மொழியில் மீட்டெடுப்பவர் எனவும் கொள்வதே பொருந்தும்.

ஆசிரியர் என்னும் சொல்லும் எளிதில் கிடைத்ததன்று. 1991இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றிப் பிறர் பதிவிலிருந்து பகுதியை எடுத்து ராப் பாடலில் சேர்த்த வழக்கில், திருடாமை பற்றிய விவிலியக் கட்டளையோடு தன் தீர்ப்பைத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் விலை பேசியாகவேண்டிய நிலை வந்தது. 1981இன் பனுவலைப் போன்ற ஒன்றை விலைக்கு விற்கும் தட்டாக வெளியிடுவது பெரும்பொருட்செலவுடையதாயிற்று. துணுக்குகளுக்கு உரிமையாளர் இருந்தனர். அவை கூடும் இடத்திற்கு உரிமையாளர் எனச் சட்டம் எவரையும் அறியவில்லை. அச்சட்டத்தின் கண்ணோட்டமே கலப்பைப் பழிப்போர் கண்ணோட்டமும், எண்ணுவோர் கண்ணோட்டமும் ஆகும். இச்சொல் யாருடையது என்று வினவுவதோடு இரண்டும் நின்றுவிடுகின்றன.

கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் அவர் குழுவினரும் 2007இல் ராக் அண்ட் ரோல் பெருமைக்கூடத்தில் ஹிப்ஹாப் துறையிலிருந்து முதலாவதாகச் சேர்க்கப்பெற்றனர். 2019இல் அவருக்குச் சுவீடனின் போலார் இசைப்பரிசு வழங்கப்பெற்றது. பாடாதவர்க்கும் கருவி மீட்டாதவர்க்கும் கிடைத்த இசைப்பரிசு அது. கலப்புப் பனுவலைத் திறனாய்வோர், அதில் எத்தனை விழுக்காடு பிறமொழி என்று எண்ணுவதற்கு முன்னர், ஒவ்வொரு மாற்றமும் எந்த இடத்தில் நிகழ்ந்தது, அவ்விடத்தில் நிகழ்ந்தமையால் விளைந்தது யாது என வினவவேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும் கலப்பு நற்கலப்பு. விடை கிடைக்காத இடத்தில் எழுதியவரின் விரைவு மட்டும் எஞ்சும். 1981இன் தட்டிலும் அத்தகைய இடங்கள் சில உள.